உங்கள் பிள்ளை ஹலே கோவாவுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள்

அமெரிக்கப் படைகளில் பிள்ளைகள் இருக்கிற தமிழ்ப் பெற்றோர் எல்லோருக்கும்,

வணக்கம்.

போன மாதம் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் என்னோடு போனில் பேசினார். மகன் ஹவாயில் இருக்கிறான். பட்டாளத்துக் குடும்பங்களுக்கென்றே கடற்கரையில் ஹலே கோவா என்று ஓர் ஓட்டல் இருக்கிறது, வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போங்கள் என்று ஒரு வருஷமாகக் கேட்டானாம். "இவருக்கு இஷ்டமில்லீங்க. பட்டாளத்து ஓட்டல்ல போய் என்னத்தைத் தங்குறது, நாலு சுவரும் ஒரு கட்டிலும்தான இருக்கும்னு சொல்லிட்டாரு. நானும் டிக்கெட்டுக்கு அம்புட்டுக் காசு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "இப்ப அவன் கேக்குறதை நிறுத்திட்டான்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நாங்களும் அப்படியே மறுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். 2023இல்தான் போனோம். அதனால் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் கோவில்பட்டி. நான் தபால் ஆபீசில் 31 வருஷம் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தார். ஒரே மகன். இன்ஜினியரிங் முடித்து எம்.எஸ். படிக்க டெக்சாஸ் போனவன், 2015இல் ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, நான் ஆர்மியில சேந்துட்டேன்" என்றான். உங்களில் நிறையப் பேருக்கு இதே கதைதான் இருக்கும். மேவ்னி என்று 2008இல் அறிவித்த திட்டம் அது. படைக்குத் தேவையான மொழி தெரிந்தவர்களையும், மருத்துவம் படித்தவர்களையும் கிரீன் கார்டு இல்லாமலே சேர்த்துக்கொண்டு குடியுரிமையும் கொடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. 2016இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் எல்லா மொழிக்காரர்களுமாகப் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

என் மகனுக்கு மொழித் தேர்வு டெலிபோனில் நடந்தது. எதிர்முனையில் தமிழ் பேசும் ஒருவர் கேள்வி கேட்க, இவன் பதில் சொன்னான். எங்கள் ஊர்ப் பேச்சு, நான் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்த பேச்சு. அதுதான் அவனைப் பட்டாளத்தில் கொண்டுபோய் விட்டது. இதை நினைத்து நான் பெருமைப்பட்ட நாளும் உண்டு, அழுத நாளும் உண்டு.

அவன் அப்பா இரண்டு வருஷம் அவனோடு பேசவே இல்லை. கல்யாண வீடுகளில் "எம்.எஸ். படிக்கப் போனவன் சிப்பாயாப் போயிட்டானாமே" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல், கல்யாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். பேச்சு என்றால், சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, சரி அம்மாகிட்ட கொடுக்கிறேன். அவ்வளவுதான்.

பட்டாளம் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. என் சித்தப்பா இந்திய ராணுவத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு மாச லீவில் ட்ரங்குப் பெட்டியோடு கோவில்பட்டி ஸ்டேஷனில் வந்து இறங்குவார். தெருவே கூடிப்போய்க் கூட்டிக்கொண்டு வரும். அவர் வீட்டுக்கு வருவார். நாம் அவரைப் பார்க்கப் போவது என்பது கிடையாது. அவர் வேலை பார்த்த இடம் எப்படி இருந்தது, கூட இருந்தவர்கள் யார், ஒன்றும் எங்களுக்குத் தெரியாமலே அவர் காலமும் முடிந்துபோனது. நம் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு முப்பது நாள் லீவு. இங்கே வந்து போகவே நாலு நாள் கரைந்துவிடும். நாம்தான் போக வேண்டியிருக்கிறது.

எங்கே போய்த் தங்குவது என்பதுதான் சிக்கல். கல்யாணம் ஆகாத பிள்ளை பாரக்ஸில் இருப்பான். அங்கே அப்பா அம்மாவைத் தங்கவைக்க முடியாது. என் மகன் ஸ்கோஃபீல்ட் பாரக்ஸில், 25ஆவது காலாட்படை டிவிஷனில் இருந்தான். வைக்கிக்கி கடற்கரையில் ஓட்டல்கள் விற்கிற விலைக்கு ஒரு சார்ஜென்ட் சம்பளம் எந்த மூலைக்கு? அதற்காகத்தான் ஹலே கோவா இருக்கிறது. இந்தியாவின் கோவாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹவாய் மொழியில் ஹலே என்றால் வீடு, கோவா என்றால் போர்வீரன். வீரனின் வீடு.

வைக்கிக்கியில் ஃபோர்ட் டிரூசி என்ற ராணுவ நிலத்தில் அது நிற்கிறது. 1975இல் முதல் கட்டடம் திறந்தார்கள், அதற்கு இலிமா என்று பெயர். 1995இல் மைலே என்று இன்னொன்று. இலிமா, வைக்கிக்கி இருக்கிற ஓவாஹு தீவுக்குரிய மஞ்சள் பூ, மைலே மாலை கட்டுகிற கொடி. இரண்டிலும் சேர்த்து 817 அறைகள். உங்கள் வீட்டுக்காரரும் "அரசாங்கத்து ஓட்டல்" என்று முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்: அது வரிப்பணத்தில் நடப்பதில்லை. தங்குகிறவர்கள் கொடுக்கும் வாடகையிலும் சாப்பாட்டுக் காசிலும்தான் நடக்கிறது. இதே ஏற்பாட்டில் ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குள் ஒன்று, ஜெர்மனியில் கார்மிஷ் மலையடியில் ஒன்று, சியோலில் ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை அங்கெல்லாம் இருந்தாலும் நான் சொல்லுவது பொருந்தும். ஆனால் எனக்குத் தெரிந்தது ஹவாய்தான்.

ஏர்போர்ட்டிலிருந்து நேரே அங்கேதான் கூட்டிப்போனான். உள்ளே நுழைந்ததும் கடல் காற்று முகத்தில் வந்து மோதியது. நாங்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்தோம். அவன் அடையாள அட்டையைக் கொடுத்து வரிசையில் நின்று, எழுதவேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தான். பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கவுண்டரில் இருந்த பெண் சத்தமாகக் கூப்பிட்டாள். "சார்ஜென்ட்" என்று சொல்லி, அடுத்து என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னாள்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நாற்பது வருஷத்துப் பழக்கம், மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

இவர் எழுந்து நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் நிற்கிற மாதிரி. கூப்பிட்டது தன்னை அல்ல என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மகன் கவுண்டருக்குப் போய்ச் சாவி வாங்கிக்கொண்டு வந்தான். இவர் உட்காரவே இல்லை, நின்றபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு இது விளங்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரை எழுதினோம். பட்டாளத்தில் கடைசிப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், அதைத்தான் நெஞ்சில் ஒட்டுவார்கள். எட்டு வருஷமாக அவனை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பயிற்சியில் திட்டியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். பாராட்டியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள். அவனோடு பேசாமல் இருந்த அந்த இரண்டு வருஷமும் அப்படித்தான்.

அறையைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு பெரிய கட்டில், சின்ன பால்கனி, சின்ன ஃபிரிஜ், காப்பி போட ஒரு மெஷின். சுத்தமாக இருந்தது. பக்கத்து ஓட்டல்களின் பளபளப்பைத் தேடாதீர்கள். பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் கடலும் எதிரே டைமண்ட் ஹெட் மலையும் தெரியும். திருச்செந்தூர்க் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கடலின் அமைதி முதலில் பழகவில்லை. அலை தூரத்தில் பவளப் பாறையில் உடைந்துவிடுகிறது, கரைக்கு வரும்போது குளம்போல வந்து சேர்கிறது. மூட்டுவலிக்காரர்கள் பயமில்லாமல் இறங்கலாம். நான் தினமும் இறங்கினேன்.

வாடகை விஷயம் என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அங்கே வாடகை பதவியைப் பொறுத்தது. ஒரே மாதிரி அறைக்குப் புதிதாய்ச் சேர்ந்த சிப்பாய் கொடுப்பது குறைவு, கர்னல் கொடுப்பது கூடுதல். மகன் சொன்னதும், "இது நம்ம ஸ்லாப் கணக்குல்லா!" என்றார். குறைய எரிப்பவனுக்குக் குறைந்த கட்டணம், கூட எரிப்பவனுக்குக் கூடுதல் கட்டணம் என்று ஆயுசு முழுக்க கவுண்டரில் உட்கார்ந்து ஜனங்களுக்கு விளக்கிச் சொன்னவர். அன்று சாயங்காலம் நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்து, அப்பாவும் மகனும் அந்தக் கணக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அதற்கு முன்னால் அவர்கள் ஒரு மணி நேரம் பேசியது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. நான் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோலப் படுத்திருந்தேன்.

அந்தக் குளத்தில் யார் அதிகாரி, யார் சிப்பாய் என்று தெரியாது. எல்லோரும் ஈரத்தலையோடு பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பொய்க்காலைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நீந்தப் போனார். அவர் மனைவி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, வெயில் நகர நகர நாற்காலியையும் நிழலுக்கு நகர்த்திக்கொண்டே இருந்தாள். 2020 ஜனவரியிலிருந்து, படைப் பணியில் உடல் ஊனப்பட்டவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களும் இங்கே தங்கலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். அதுவரை பட்டாளத்தை விட்டு வந்தவர்களில் ஓய்வூதியம் பெறும் அளவு இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இடம். மாற்றியது எவ்வளவு நியாயம் என்பதை அந்த நாற்காலியைப் பார்த்தபோது உணர்ந்தேன். கூடவே வயிறு கலங்கியது, அதையும் மறைக்கவில்லை. அங்கே போனால் நம் பிள்ளைகளின் வேலை என்ன என்பது கண்ணெதிரே இருக்கும். அதற்காகவும்தான் போகச் சொல்கிறேன். போனில் அவர்கள் நமக்கு இதைச் சொல்ல மாட்டார்கள்.

நடுவில் ஒருநாள் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. விடியுமுன் கிளம்பிப் போய்விட்டு, மாலையில் சீருடை முழுக்கச் செம்மண்ணோடு திரும்பினான். ஓவாஹுவின் உள்பக்கத்து மண் நம் தேரிக்காட்டு மண்போலச் சிவப்பு. நான் துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். காசு போட்டால் ஓடுகிற மெஷின்கள் இருக்கிற அறைக்கு எடுத்துப்போனேன். அங்கே காதில் பூ வைத்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். அமெரிக்க சமோவா தீவுக்காரி. அவளுக்கு மூன்று மகன்கள், மூன்று பேரும் பட்டாளம். அந்தச் சின்னத் தீவிலிருந்து வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போகிறார்கள். என் ஆங்கிலம் தபால் ஆபீஸ் ஆங்கிலம், அவளுடையது வேறு மாதிரி. ஆனாலும் பேசினோம். நான் சட்டையை நம் வழக்கப்படி மடித்தேன். அவள் அதை வாங்கிப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, பெயர்ப் பட்டை மேலே தெரிகிற மாதிரி மடித்துக் கொடுத்தாள். "பெயர் எப்போதும் மேலே இருக்கணும்" என்றாள். கறுப்பு நூலில் தைத்த அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். என் தாலிக்கு உரியவரின் பெயர் அது, என் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு மண்ணில் புரண்டுவிட்டு வந்திருக்கிறான்.

ஓட்டலை ஒட்டியே ஒரு பழைய பீரங்கிக் கோட்டை இருக்கிறது. 1911இல் கட்டி முடித்தது. சுவர் அத்தனை கனம், 1969இல் இடிக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்களாம். இப்போது ராணுவ அருங்காட்சியகம். அவசியம் போய்ப் பாருங்கள், ஆயுதங்களுக்காக அல்ல. வியட்நாம் போர் நடந்த காலத்தில் ஒரு வருஷப் போர்ப்பணிக்கு நடுவே சிப்பாய்களுக்குச் சில நாள் ஓய்வு கொடுப்பார்கள். மனைவி உள்ளவர்கள் ஹவாயைத்தான் கேட்பார்கள், அமெரிக்காவிலிருந்து மனைவிமார் அங்கே வந்து சேரலாம் என்பதால். சிப்பாய்களை ஏற்றிய பஸ் இந்த ஃபோர்ட் டிரூசி நிலத்தில்தான் வந்து நிற்கும். பெண்கள் மாலையோடு வரிசையாகக் காத்திருப்பார்கள். அந்தச் சில நாள் முடிந்து, இதே இடத்திலிருந்து மறுபடியும் போருக்கு. எத்தனை பேருக்கு அதுவே கடைசிச் சந்திப்போ! 1975 ஏப்ரலில் போர் முடிந்தது, அதே வருஷம் அக்டோபரில் இந்த ஓட்டலைத் திறந்தார்கள். அங்கிருந்து திரும்பி வந்தபோது, ஓட்டல் புல்வெளியில் நிற்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் நான் வேறு மாதிரிதான் பார்த்தேன். பாதிப் பேர் வந்து சேர்ந்தவர்கள், மீதிப் பேர் வழியனுப்ப வந்தவர்கள்.

அந்த நிலத்துக்கு அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. காலியா என்று பெயர். ஹவாய் மக்கள் மீன் வளர்த்த குளங்கள் அங்கே இருந்தன. 1893இல் அவர்கள் அரசியைப் பதவியிலிருந்து இறக்கி, 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பிறகு, ராணுவம் அந்த இடத்தை வாங்கிக் குளங்களைத் தூர்த்தது. கண்மாய் தூர்ந்துபோனால் ஊருக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நான் விருந்தாளி, தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே படுத்துத் தூங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தூங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சாப்பாடு பற்றிக் கவலைப்படாதீர்கள். ஹவாயில் எந்தத் தட்டிலும் இரண்டு உருண்டை சோறு வந்துவிடும். சேப்பங்கிழங்கை வேகவைத்து அரைத்து, 'போய்' என்ற பெயரில் ஒன்று தருவார்கள், வாயில் ஒட்டும், லேசாகப் புளிக்கும். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பிடிக்கும். இவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சுத்த சைவம் என்றால் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், விருந்தில் மண்குழியில் வேகவைத்த பன்றிதான் முக்கியம்.

ஒரு மாலை என் கழுத்தில் மகன் மாலை போட்டான். மூக்கருகே வந்ததுமே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மல்லிகை! நம் மல்லிகையேதான். அங்கே அதற்குப் பிக்காகே என்று பெயர், மயில் என்று அர்த்தம். கைஉலானி என்ற இளவரசிக்கு மல்லிகையும் மயிலும் உயிராம், அதனால் பூவுக்கே மயிலின் பெயர் வந்துவிட்டது. நாம் நாரில் கட்டுவதை அவர்கள் ஊசியில் கோக்கிறார்கள், மொட்டாகவே. ராத்திரி அறைக்குள் அது விரிந்து மணத்தபோது, மூன்று பேரும் கோவில்பட்டி வீட்டில் படுத்திருப்பதுபோல இருந்தது.

கிளம்பும் நாள், பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். இவர் மகனிடம், முகத்தைப் பார்க்காமல், "லே, அந்தப் பேர் பட்டையில கூடுதலா ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. கொடுத்தான். இப்போது அது எங்கள் வீட்டு பீரோவில், மின்வாரியம் அவருக்குக் கொடுத்த அடையாள அட்டையோடு ஒரே கவரில் இருக்கிறது. நான் எடுத்துப் பார்த்தால் திரும்ப அதே இடத்தில் வைத்தேனா என்று சரிபார்க்கிறார்.

"எந்த நாட்டுக்காகவோ சண்டை போடுகிறான்" என்று உறவில் சொல்லுவார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் தேடி முடித்துவிட்டுத்தான் போவோம் என்று நீங்கள் காத்திருந்தால் பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிடும். ஹவாயில் அவர்களை வைத்திருப்பது சில வருஷந்தான். எங்கள் மகனுக்கு நாங்கள் வந்த பிறகு ஒன்பதே மாதத்தில் மாற்றல்.

அறை பிள்ளையின் அட்டையில்தான் கிடைக்கும், அதனால் அவன்தான் பதிவு செய்ய வேண்டும். பள்ளி விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இடம் கிடைப்பது கஷ்டம், பல மாதம் முன்னாலேயே தேதி சொல்லிவிடுங்கள். விசாவுக்கும் நேரம் பிடிக்கும், அதை முதலில் பாருங்கள். சாயங்காலக் காற்று சிலுசிலுவென்று அடிக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். செடி, விதை, பழம் எதுவும் கொண்டுபோகாதீர்கள், தீவில் சோதனை உண்டு. முறுக்கும் பருப்புப் பொடியும் கொண்டுபோகலாம், நாங்கள் கொண்டுபோனோம்.

மதுரைத் தாயே, உங்களுக்குத் தனியாக ஒன்று. அவன் கேட்பதை நிறுத்திவிட்டான் என்றீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணும்போது நீங்களே கேளுங்கள்: "எந்த மாசம் வரட்டும்?"

அன்புடன்,
ஒரு சார்ஜென்ட்டின் அம்மா
கோவில்பட்டி